முப்பது சதவீதம் குறைஞ்சா போதுமா?

ரொம்ப நாளா ஒரு வரி மனசை விட்டுப் போக மாட்டேங்குது. தண்டுவடத்துல அடிபட்டதுக்கு அப்புறம் வர்ற நரம்பு வலி பத்தி எந்த ஆராய்ச்சிக் கட்டுரையை எடுத்தாலும் எங்கயாவது ஒரு இடத்துல அது வந்துடும்: வலி 30 சதவீதம் குறைஞ்சா அந்த ஆளுக்கு மருந்து வேலை செஞ்சதா கணக்கு. மொத தடவை படிச்சப்ப எனக்கு சுர்ருன்னு கோபம் வந்துச்சு. மிச்சம் 70 சதவீதத்தை யார் தூக்கிட்டுத் திரியறது? ராத்திரி ரெண்டு மணிக்கு தொடையில இருந்து பாதம் வரைக்கும் தீயா எரியறப்ப, மூணுல ஒரு பங்கு குறைஞ்சதை வெற்றின்னு எழுதறவங்க எங்க காலை ஒரு ராத்திரி கடன் வாங்கிப் பாக்கட்டும்னு தோணுச்சு. அந்தக் கோபத்தை அப்படியே வச்சிட்டு மேல மேல படிச்சேன், படிக்கப் படிக்க கோபம் போகல, ஆனா அது வேற இடத்துக்கு நகர்ந்துச்சு. எந்த இடம்னு சொல்லத்தான் இதை எழுதறேன்.

எனக்கு டி10 லெவல்ல, அதாவது முதுகுப் பகுதி தண்டுவடத்தோட பத்தாவது மட்டத்துல காயம், தொப்புளுக்குக் கீழ தொட்டா தெரியாது, குத்தினா தெரியாது, சுடுதண்ணி ஊத்தினாலும் தெரியாது. ஆனா எரியும். சில நாள் பாதம் ரெண்டையும் யாரோ இறுக்கிப் பிழியற மாதிரி இருக்கும், சில நாள் திடீர்னு கரண்ட் பாஞ்சு போகும், சில நாள் விண்ணுவிண்ணுன்னு அடிச்சுக்கிட்டே இருக்கும், அன்னைக்கு வேற எதையும் யோசிக்க முடியாது. காயம்பட்ட உடனே இது வரல, வார்டுல இருந்து வீட்டுக்கு வந்து, வீல்சேர் பழகி, இனி இதுதான் வாழ்க்கைன்னு மெல்ல மெல்ல ஏத்துக்க ஆரம்பிச்ச நேரத்துல வந்துச்சு. இதை படிக்கறவங்கள்ல பாதிப் பேருக்கு நான் விளக்கவே வேண்டாம், உங்களுக்கே தெரியும்.

எனக்கு முதல்ல எழுதிக் குடுத்தது ப்ரீகாபலின்ங்கற நரம்பு வலி மாத்திரை. அந்த மாத்திரைக்குப் பின்னாடி இருக்கற முக்கியமான ட்ரையல் 2006ல ஆஸ்திரேலியாவுல பண்ணினது, 137 பேர், 12 வாரம், பாதிப் பேருக்கு மாத்திரை, பாதிப் பேருக்கு ப்ளாசிபோ, அதாவது மருந்தே இல்லாத போலி மாத்திரை. மாத்திரை சாப்பிட்டவங்களோட சராசரி வலி பத்துக்கு 6.54ல ஆரம்பிச்சு 4.62ல முடிஞ்சுது, ப்ளாசிபோ சாப்பிட்டவங்களுக்கு 6.73ல இருந்து 6.27. கணக்குப் போட்டுப் பாருங்க, மாத்திரைக் குழுவோட சராசரி இறக்கமே 30 சதவீதத்துக்கு ஒரு மயிரிழை கம்மி. 2013ல 220 பேரை வச்சுப் பண்ணின இன்னொரு ட்ரையலும் இதே திசையிலதான் போச்சு. தண்டுவட காயத்தால வர்ற நரம்பு வலிக்குன்னே அமெரிக்காவோட மருந்து அனுமதி அமைப்பான எஃப்டிஏ முதல் முதலா அனுமதி குடுத்தது இந்த மருந்துக்குத்தான், 2012ல. ஆக, இந்தத் துறையிலயே நல்ல ஆதாரம் இருக்கற மருந்து சராசரியா குடுக்கறது இவ்வளவுதான். 6.54, 4.62. இந்த ரெண்டு நம்பரையும் நான் எத்தனை தடவை வெறிச்சுப் பாத்திருப்பேன்னு எனக்கே தெரியாது.

உணர்ச்சி இல்லாத கால் ஏன் எரியணும்

இதை கொஞ்சம் சொல்லிட்டுத்தான் அந்த முப்பதுக்குத் திரும்பணும், ஏன்னா எந்த வலியைப் பத்திப் பேசறோம்னு தெரியாம எத்தனை சதவீதம் குறைஞ்சுதுன்னு பேசறதுல அர்த்தமே இல்ல. எங்களுக்கு வர்ற வலி ஒண்ணு இல்ல. நாள் பூரா வீல்சேரைத் தள்ளித் தள்ளி தோள்பட்டை தேஞ்சு வர்ற வலி ஒரு வகை, அது தசை, மூட்டு சம்பந்தப்பட்டது. வயிறு, மூத்திரப்பை பக்கம் வர்றது ஒரு வகை. நரம்பு வலியிலயே காயம் பட்ட லெவலைச் சுத்தி பட்டை கட்டின மாதிரி வர்றது தனி, அதுக்குக் கீழ உணர்ச்சியே இல்லாத இடத்துல வர்றது தனி. 2012ல உலக அளவுல இதுக்கு ஒரு பொது வகைப்பாடு கொண்டு வந்தாங்க. அதுக்கு முன்னாடியே 2003ல வந்த ஒரு ஆய்வு, 100 பேர்ல ஆரம்பிச்ச ஒரு குழுவை காயத்துல இருந்து அஞ்சு வருஷம் கழிச்சுப் பாத்தது: பாக்கக் கிடைச்சவங்கள்ல 81 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு வலி இருந்துச்சு, காயத்து லெவல்ல நரம்பு வலி 41 சதவீதம் பேருக்கு, லெவலுக்குக் கீழ 34 சதவீதம் பேருக்கு. ஒரே ஆளுக்கு ரெண்டு மூணு வகை சேர்ந்தே இருக்கும். தோள்பட்டை வலிக்கு நரம்பு மாத்திரையோட டோஸை ஏத்திட்டே போறதும், நரம்பு வலிக்கு சாதாரண வலி மாத்திரையா முழுங்கிட்டே இருக்கறதும் இன்னைக்கும் நடக்குது.

லெவலுக்குக் கீழ வர்ற வலிதான் எனக்கு. அது காலுக்குள்ள நடக்கற விஷயமே இல்ல. கீழ இருந்து சேதி வர்ற பாதை அறுந்துட்டா மேல அதை வாங்கற நரம்புகள் அமைதியா இருந்துடாது, காயத்துக்கு மேல இருக்கற தண்டுவடத்துலயும், மூளைக்கு சேதியைப் பிரிச்சு அனுப்பற தலமஸ்லயும், மூளையோட மத்த இடங்கள்லயும் இருக்கற செல்கள் அளவுக்கு மீறி சுறுசுறுப்பாயிடும், அடக்கி வைக்கற காபா மாதிரியான ரசாயனத்தோட பிடி தளர்ந்துடும், எங்க இருந்தும் சேதி வராமலே மூளை வலின்னு படிச்சுக்கும். 1978ல மெல்சாக்கும் லோசரும் சேர்ந்து எழுதின ஒரு கட்டுரை இருக்கு, வலிக்காக தண்டுவடத்துல ஒரு துண்டையே அறுத்து எடுத்தவங்களுக்கும் அந்த வலி போகலன்னு அதுல பதிவு பண்ணியிருக்காங்க. வலி கால்ல இருந்து மேல ஏறி வருதுங்கற எண்ணத்துக்கு அதைவிடப் பெரிய பதில் வேணுமா? இதோட இன்னொரு பக்கமும் இருக்கு. 2008ல வாஸ்னரும் கூட இருந்தவங்களும், முழுசா அறுந்துபோச்சுன்னு முத்திரை குத்தின ஆளுங்களோட பாதத்துல மிளகாய்க் காரமான கேப்சைசினைத் தடவி சூடு வச்சுப் பாத்தாங்க. நாள்பட்ட வலி இருந்தவங்கள்ல சிலருக்கு அதை உணர முடிஞ்சுது. அதாவது சாதாரண பரிசோதனையில சிக்காத சில நரம்பு இழைங்க இன்னும் மிச்சம் இருக்கு, அந்த அரைகுறைப் பாதையே வலிக்கு ஒரு காரணமா இருக்கலாம்.

நான் இதைப் படிச்சப்ப அழுதேன். "அங்கதான் உணர்ச்சியே இல்லயே, எப்படி வலிக்கும்"னு கேட்டவங்க முகமெல்லாம் வரிசையா ஞாபகம் வந்துச்சு, அதுல வெள்ளைக் கோட்டு போட்டவங்களும் இருந்தாங்க. உலக வலி ஆய்வுச் சங்கம் 2020ல வலிங்கறதோட வரையறையை மாத்தி எழுதினப்ப கூடவே ஒரு குறிப்பையும் சேர்த்தாங்க: ஒருத்தர் எனக்கு வலிக்குதுன்னு சொன்னா அதை மதிக்கணும். இதைக்கூட எழுதி வைக்க வேண்டியிருக்கேன்னு ஒரு பக்கம் இருக்கு, எழுதி வச்சாங்களேன்னு இன்னொரு பக்கம் இருக்கு.

அந்த முப்பது எங்க இருந்து வந்துச்சு

இப்ப அந்த நம்பருக்கு வர்றேன். ரொம்ப நாள் நான் நினைச்சுட்டு இருந்தது, மருந்துக் கம்பெனிக்காரங்களும் புள்ளிவிவரக்காரங்களும் உக்காந்து, மருந்து பாஸ் ஆகற மாதிரி ஒரு கோட்டைப் போட்டுட்டாங்கன்னு. ஒரு நாள் அதோட மூலத்தைத் தேடிப் போனேன். 2001ல ஃபரார்ங்கறவரும் அவர்கூட இருந்தவங்களும் எழுதின கட்டுரை அது. ப்ரீகாபலினை வச்சு அதுக்கு முன்னாடி நடந்த பத்து ட்ரையல், மொத்தம் 2,724 பேர். அந்த ட்ரையல்கள்ல எல்லாரும் தினமும் வலிக்கு பூஜ்யத்துல இருந்து பத்துக்குள்ள ஒரு மார்க் போட்டிருக்காங்க, அது போக கடைசியில தனியா இன்னொரு கேள்வி கேட்டிருக்காங்க: மொத்தமா பாத்தா, ஆரம்பத்துல இருந்ததுக்கு இப்ப எப்படி இருக்கீங்க? ரொம்ப நல்லாயிருக்கு, நல்லாயிருக்கு, கொஞ்சம் பரவால்ல, அப்படியே இருக்கு, மோசமாயிடுச்சுன்னு வரிசையா பதில். ஃபரார் பண்ணின வேலை இந்த ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்தது. "நல்லாயிருக்கு"ன்னு தன் வாயால சொன்னவங்களுக்கு மார்க் எவ்வளவு இறங்கியிருக்குன்னு பாத்தா, சுமாரா ரெண்டு மார்க், இல்ல முப்பது சதவீதம்.

இங்கதான் எனக்கு எல்லாம் திரும்பிச்சு. கட்டுரையை மூடாம அந்தப் பக்கத்தையே பாத்துட்டு இருந்தேன். வலியில இருந்தவங்களே, அவங்க வாழ்க்கையை அவங்களே பாத்து, ஆமா எனக்கு வித்தியாசம் தெரியுதுன்னு சொன்ன புள்ளி அது. ஏழு அஞ்சாகறது எனக்கு என்னன்னு அப்ப யோசிச்சேன். ஏழுல இருக்கறப்ப நான் யார்கூடயும் பேசறது இல்ல, யாராவது பேசினா பதில் மட்டும் சொல்லுவேன். தூக்கம் துண்டு துண்டா வரும். வீல்சேர்ல இருந்து கட்டிலுக்கு மாறறதையே தள்ளிப் போட்டுட்டு உக்காந்திருப்பேன். அஞ்சுல எரிச்சல் அங்கயேதான் இருக்கு, ஆனா ஒரு சினிமாவை முழுசா பாக்க முடியும், கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்து ஒரு வேலையை ஆரம்பிச்சு முடிக்க முடியும், வீட்ல இருக்கறவங்க மேல எரிஞ்சு விழாம ஒரு சாயங்காலத்தைக் கடத்த முடியும். வெளியில இருந்து பாக்கறவங்களுக்கு ரெண்டு மார்க். உள்ள இருக்கறவங்களுக்கு அது ஒரு நாளை வாழறதா இல்ல கடத்தறதாங்கற வித்தியாசம்.

ஆனா அதே கட்டுரையில ஒரு உறுத்தலும் இருக்கு. அந்த 2,724 பேர் யாருன்னு பாத்தா சர்க்கரை நோய் நரம்பு வலி, அக்கி வந்துபோன பிறகு வர்ற வலி, நாள்பட்ட முதுகு வலி, உடம்பு பூரா வலிக்கற ஃபைப்ரோமயால்ஜியா, மூட்டுத் தேய்மானம். எங்க ஆளுங்க அதுல இல்ல. எங்க வலியை அளக்கற கோலை எங்களைக் கேக்காமலே வெட்டியிருக்காங்க. பிற்பாடு தண்டுவட காயம் உள்ளவங்களை வச்சு தனியா பாத்தப்பவும் நம்பர் அதுக்குக் கிட்டத்தான் வந்துச்சு, மூணுல ஒரு பங்குக்குக் கொஞ்சம் கூட. அதனால கோல் தப்புன்னு சொல்லல. ஆனா முதல்லயே கேட்டிருக்கணும்.

ஒரே மாத்திரை, ரெண்டு உடம்பு

மறுவாழ்வு வார்டுல என் பக்கத்து வரிசையில ஒரு அக்கா இருந்தாங்க. அவங்களுக்கும் கிட்டத்தட்ட என் லெவல்தான், எரிச்சலும் அதே இடம், மாத்திரையும் அதேதான், டோஸ் மட்டும் அவங்களுக்கு என்னைவிட அதிகம். இன்னைக்கும் போன்ல பேசிக்குவோம். எனக்கு அந்த மாத்திரை வேலை செய்யுது, நான் சொன்ன அந்த ஏழு அஞ்சாகற கதை என்னோடதுதான். அவங்களுக்கு அப்படி இல்ல. ஒரு நாள் பேச்சுவாக்குல சொன்னாங்க, "தம்பி, இந்த மாத்திரை எனக்கு என்ன செய்யுதுன்னே தெரியலப்பா. வலி அன்னைக்கு எப்படியோ இன்னைக்கும் அப்படித்தான். பகல்லயே தூங்கி விழறேன், கால் ரெண்டும் வீங்கிக் கிடக்கு, உடம்பு வேற போட்டுடுச்சு." சரிக்கா, அப்ப ஏன் சாப்பிடறீங்கன்னு கேட்டேன். "நிறுத்துன்னு யாரும் சொல்லலயே. போறப்பல்லாம் அதே சீட்டைத்தான் எழுதித் தர்றாங்க. நிறுத்தி இன்னும் அதிகமாயிட்டா என்ன பண்றதுன்னு எனக்கும் பயம்."

அந்த போனை வச்சதுக்கு அப்புறம்தான் 6.54, 4.62ங்கற அந்த ரெண்டு நம்பரும் வேற மாதிரி தெரிய ஆரம்பிச்சுது. அது எல்லாருக்கும் ரெண்டு மார்க் குறைஞ்சுதுன்னு சொல்ற நம்பர் இல்ல. சிலருக்கு பாதியா இறங்கியிருக்கும், சிலருக்கு கொஞ்சம், நிறையப் பேருக்கு ஒண்ணுமே நடந்திருக்காது, எல்லாத்தையும் கூட்டி வகுத்தா ரெண்டு மார்க். நானும் அக்காவும் அந்த சராசரியில ஒண்ணா கிடக்கறோம், ஆனா எங்க ரெண்டு பேருக்கும் நடந்தது ஒண்ணு இல்ல. 2015ல நரம்பு வலி மருந்துகள் எல்லாத்தையும் சேர்த்து அலசி ஒரு பெரிய தொகுப்பு வந்துச்சு, தண்டுவடம் மட்டும் இல்லாம எல்லா வகை நரம்பு வலியும் அதுல சேர்த்தி. ப்ளாசிபோவோட பலனைத் தாண்டி ஒருத்தருக்குக் கூடுதலா வலி பாதி குறையணும்னா எத்தனை பேருக்கு ப்ரீகாபலின் குடுக்கணும்னு அதுல கணக்கு இருக்கு: 7.7 பேர். மனச்சோர்வுக்குக் குடுக்கற பழைய மருந்தான அமிட்ரிப்டைலின் வகைக்கு 3.6, ஆனா அந்த ட்ரையல்கள் பழசு, சின்னது, அதனால அதை அப்படியே நம்பிடவும் முடியாது. இந்த நம்பரை மோசம்னு நான் சொல்ல வரல, நாள்பட்ட வலிக்கான மருந்துகள்ல இது சகஜம். ஆனா ஏழெட்டு பேர்ல ஒருத்தர்னா, மிச்சம் பேரைப் பத்தி யாராவது கேக்கணுமா இல்லயா?

என் கோபம் வந்து நின்ன இடம் இதுதான். மருந்தை ஆரம்பிக்கறதுக்கு ஆதாரம் இருக்கு, எவ்வளவுல ஆரம்பிச்சு எப்படி ஏத்தணும்னு வழிமுறை இருக்கு. எப்ப நிறுத்தணும்ங்கற பேச்சு மட்டும் ரூமுக்குள்ள வர்றதே இல்ல. அந்த 30 சதவீதத்தோட உண்மையான உபயோகமே அதுதான்னு நான் நினைக்கறேன். அது உங்களுக்குக் குடுத்த வாக்குறுதி இல்ல, முடிவு எடுக்க உதவற ஒரு கோடு. சரியான டோஸ்ல, போதுமான சில வாரம் சாப்பிட்டுப் பாத்து, கோட்டைத் தாண்டினா தொடரலாம். தாண்டலன்னா, பக்க விளைவு மட்டும்தான் மிச்சம்னா, இது எனக்கு இல்லன்னு சொல்லி கீழ இறக்கிட்டு அடுத்ததைப் பாக்கணும். இதை நோயாளி கேட்டாத்தான் நடக்குங்கற நிலைமை இருக்கே, அதுதான் எனக்கு வலிக்குது.

இதை எழுதறப்பவே இன்னொண்ணும் சொல்லிடறேன், இதைப் படிச்சுட்டு யாரும் நாளைக்கே மாத்திரையைத் தூக்கிப் போட்டுடாதீங்க. ப்ரீகாபலின், அதே வகையைச் சேர்ந்த காபாபென்டின் ரெண்டையும் திடீர்னு நிறுத்தினா தூக்கம் கெடும், வேர்த்துக் கொட்டும், பதட்டம் வரும், சிலருக்கு வலிப்பு வர்ற அபாயமும் உண்டு, டாக்டர்கிட்ட சொல்லி படிப்படியாத்தான் இறக்கணும். கிட்னி சரியில்லாதவங்களுக்கு டோஸே வேற, ஏன்னா இது உடம்பை விட்டுப் போறது கிட்னி வழியாத்தான், மூத்திரப் பிரச்சனை நம்மகூடவே பொறந்த மாதிரி இருக்கறதால அதை மறக்கக் கூடாது. 2019ல எஃப்டிஏ ஒரு எச்சரிக்கை குடுத்தாங்க, மூச்சுப் பிரச்சனை உள்ளவங்களுக்கும், மார்ஃபின் வகையான ஓபியாய்டு மாதிரி மயக்கம் தர்ற மருந்துகூட சேர்த்து சாப்பிடறவங்களுக்கும் இந்த வகை மாத்திரையால மூச்சு மந்தப்படலாம்னு. கழுத்து லெவல்ல காயம் பட்டு ஏற்கனவே மூச்சுத் தசை பலவீனமா இருக்கறவங்க இதை கண்டிப்பா டாக்டர்கிட்ட பேசணும்.

கோட்டைத் தாண்டிச்சா இல்லயான்னு தெரியணும்னா எழுதி வைக்கணும். ஞாபகத்தை நம்பவே முடியாது, வலி இன்னைக்கு எப்படி இருக்கோ அப்படித்தான் போன மாசமும் இருந்ததா மனசு சொல்லும். நான் மாத்திரை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே ராத்திரி ஒரு மார்க் எழுதி வச்சேன், கூடவே தூக்கம் எப்படி, அன்னைக்கு என்ன வேலை செய்ய முடிஞ்சுதுன்னு ஒரு வரி. மார்க்கைவிட அந்த ஒரு வரிதான் பிற்பாடு உதவிச்சு. வலி திடீர்னு ஏறின நாளுக்குப் பக்கத்துல காரணத்தையும் எழுதுவேன், எழுத எழுத ஒண்ணு புரிஞ்சுது: நரம்பு வலி ஏறினதுன்னு நான் நினைச்ச பல நாள்ல யூரின் இன்ஃபெக்ஷன் இருந்திருக்கு, இல்ல வயிறு போகாம அடைச்சிருக்கு, இல்ல உக்கார்ற இடத்துல தோல் சிவந்து புண்ணுக்குத் தயாராயிருக்கு. கீழ நடக்கற கோளாறை உடம்பு நேரா சொல்ல முடியாம எரிச்சலா சொல்லுது. அதைப் பாக்காம டோஸை ஏத்தினா மாத்திரை மேல பழியைப் போட்டுட்டு புண்ணை வளர்த்துட்டு இருப்போம். டி6 லெவல்லயோ (நெஞ்சு மட்டம்) அதுக்கு மேலயோ காயம் உள்ளவங்களுக்கு இதே விஷயம் பிரஷரை எகிற வச்சு தலைவலி, வேர்வைன்னு உயிருக்கே ஆபத்தாகலாம். காயமாகி பல வருஷம் கழிச்சு வலி புதுசா வேற இடத்துக்குப் பரவுது, மேல ஏறுது, கையில பலம் குறையுதுன்னா தண்டுவடத்துக்குள்ள நீர்க்கட்டி மாதிரி உருவாகியிருக்கலாம், அதுக்கு எம்ஆர்ஐ எடுக்கணும், மாத்திரையை மாத்தி மாத்திப் பாத்துட்டு இருக்கக் கூடாது.

மாத்திரை இல்லாம

இந்தப் பக்கம் எனக்கு ரொம்பப் பிடிச்ச ஆராய்ச்சி ஒண்ணு இருக்கு. 2007ல மோஸ்லிங்கறவர் அஞ்சே அஞ்சு பேரை வச்சுப் பண்ணினது. ஆள் கண்ணாடி முன்னாடி உக்காரணும், கண்ணாடியில இடுப்புக்கு மேல அவரோட சொந்த உடம்பு தெரியும், அதுக்குக் கீழ வேற ஒருத்தரோட கால் நடக்கற வீடியோ, ரெண்டும் சேர்ந்து அவரே நடக்கற மாதிரி ஒரு தோற்றம். அதைப் பாத்துட்டு இருக்கற நேரம் வலி குறைஞ்சுது, அது முடிஞ்சும் கொஞ்ச நேரம் நீடிச்சுது. 2010ல பார்சிலோனா பக்கம் இதையே எடுத்து, தலைக்கு மேல லேசான நேர் மின்சாரம் 20 நிமிஷம் குடுக்கற முறையோட சேர்த்து 39 பேருக்குப் பண்ணிப் பாத்தாங்க, தனித்தனியா குடுத்ததைவிட ரெண்டையும் சேர்த்துக் குடுத்தவங்களுக்குத்தான் பலன் அதிகம். இதைப் பெருசா நம்பிடறதுக்கு அஞ்சு பேரும் 39 பேரும் போதாது, அது எனக்கும் தெரியும். ஆனா நடக்கற காலைக் கண்ணால பாத்தா எரியற கால் கொஞ்சம் அடங்குதுங்கறது, இந்த வலி எங்க உருவாகுதுன்னு முன்னாடி சொன்னேனே, அதோட அப்படியே பொருந்திப் போகுது. இப்ப விஆர் கண்ணாடி போட்டு இதைத் தொடர்ந்து பாத்துட்டு இருக்காங்க, அது வளரணும்னு மனசார ஆசைப்படறேன்.

மத்ததை வேகமா சொல்லிடறேன். ஓபியாய்டு வகையை கனடாவோட வழிகாட்டிகள்ல முதல் வரிசையில வைக்கல, பழக்கமாயிடற அபாயம் ஒரு பக்கம், ஏற்கனவே மந்தமான நம்ம குடலை அது இன்னும் கட்டிப் போட்டுடும்ங்கறது இன்னொரு பக்கம். நரம்பு வேர் உள்ள நுழையற இடத்தைச் சுட்டு எடுக்கற டிரெஸ் ஆபரேஷன் காயத்து லெவல்ல வர்ற வலிக்குத்தான் ஓரளவு உதவும், கீழ பரவலா எரியற வலிக்கு அந்த அளவுக்கு இல்ல, இதை கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி தெரிஞ்சு வச்சுக்கறது நல்லது. அமிட்ரிப்டைலினோட கதை சுவாரசியமானது. 2002ல 84 பேரை வச்சுப் பாத்தப்ப பலனே இல்லன்னு வந்துச்சு, 2007ல வேற ஒரு குழு பாத்தப்ப மனச்சோர்வு அதிகமா இருந்தவங்களுக்கு நல்லா வேலை செஞ்சுது. வலியும் மனசும் தனித்தனி அறையில இல்லன்னு காட்டுது அது. மனசுக்கான சிகிச்சைக்குப் போகச் சொன்னா வலி பொய்னு சொல்றதா நிறையப் பேர் எடுத்துக்கறாங்க, அப்படி இல்ல, தூக்கமும் பயமும் சோர்வும் அந்த வலி ஓடற அதே மூளையிலதான் இருக்கு.

வலி வர்றதுக்கு முன்னாடியே தடுக்க முடியுமான்னும் பாத்திருக்காங்க. காயமான முதல் ரெண்டு வாரத்துக்குள்ள வலிப்புக்குக் குடுக்கற கார்பமாசெபின் மருந்தை ஆரம்பிச்சுப் பாத்ததுல ஒரு மாசத்துல வலி கம்மியா இருந்துச்சு, மூணு மாசம், ஆறு மாசத்துல வித்தியாசம் காணாமப் போச்சு. இந்த முடிவைப் படிச்சப்ப கொஞ்சம் இடிஞ்சு போயிட்டேன், ஏன்னா புதுசா வார்டுக்கு வர்ற பசங்களுக்கு இது கிடைச்சா எப்படி இருக்கும்னு யோசிச்சு வச்சிருந்தேன்.

நான் இப்ப காத்திருக்கறது வேற ஒரு விஷயத்துக்கு. யாருக்கு எந்த மருந்து வேலை செய்யும்னு முன்கூட்டியே சொல்ல முடியுமா? 2014ல கை கால் நரம்புல கோளாறு உள்ளவங்களை வச்சு ஒரு ட்ரையல் பண்ணினாங்க, ஆக்ஸ்கார்பசெபின்னு ஒரு மருந்து. ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே சூடு, குளிர், குத்தல் எல்லாம் சோதிச்சு ஆளுங்களை ரெண்டு வகையா பிரிச்சாங்க. ஒரு வகையில நாலு பேருக்கு ஒருத்தர் கணக்குல பலன், இன்னொரு வகையில 13 பேருக்கு ஒருத்தர். பிரிக்காம பாத்திருந்தா ஏழு பேருக்கு ஒருத்தர்னு ஒரு சராசரி வந்திருக்கும், அதுக்குள்ள இந்த ரெண்டு கூட்டமும் மறைஞ்சு போயிருக்கும். எங்க வலிக்கு இப்படி ஒரு பிரிவினை வரணும். கேப்சைசின் தடவினா தெரியுதா இல்லயாங்கறது மாதிரி ஒரு சின்ன சோதனையை வச்சே எனக்கு இந்த மாத்திரை, அக்காவுக்கு அந்த மாத்திரைன்னு சொல்ற காலம் வரணும், வருஷக்கணக்கா ஒருத்தர் உடம்பை வீங்க வச்சுப் பாத்துத்தான் அதைக் கண்டுபிடிக்கணும்ங்கற நிலைமை மாறணும்.

அக்கா அதுக்காகக் காத்திருக்கல. வலி மார்க் எழுதறதுக்கு நான் அனுப்பின அட்டவணையில தினமும் எழுதினாங்க, அதை எடுத்துட்டுப் போய் டாக்டர் முன்னாடி வச்சு, "சார், இது எனக்கு வேலை செய்யலன்னு நினைக்கறேன், நிறுத்திப் பாக்கலாமா"ன்னு நேராவே கேட்டிருக்காங்க. டாக்டர் அதை முழுசா படிச்சிருக்கார், படிச்சுட்டு கொஞ்சம் கொஞ்சமா டோஸை இறக்கியிருக்கார். முழுசா நிறுத்தின பிறகும் அவங்களுக்கு வலி ஏறல, முன்னாடி இருந்த அதே அளவுலதான் நிக்குது. கால் வீக்கம் வத்திடுச்சு, பகல்ல முழிச்சிருக்காங்க. இப்ப ராத்திரிக்கு அமிட்ரிப்டைலின் குறைஞ்ச டோஸ்ல ஆரம்பிச்சிருக்காங்க, மலச்சிக்கல் கூடுதான்னு தனியா ஒரு கட்டம் போட்டு குறிச்சுட்டு வர்றாங்க. இந்த தடவை நோட்டுல முதல் பக்கத்துலயே, தொடர்றதா நிறுத்தறதான்னு முடிவு பண்ற தேதியை டாக்டரையே எழுத வச்சுட்டு வந்திருக்காங்க.